தட்டைத் தட்டிப் பாருங்கள்!

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, திருமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது திருநகர். இரண்டாவது பஸ் ஸ்டாப், மூன்றாவது பஸ் ஸ்டாப் என்று எண்ணைச் சொன்னால் போதும். கண்டக்டர் இறக்கி விட்டு விடுவார்.

அங்கே ஒரு பழைய வீடு. அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள். பரணைக் காலி செய்யும் வேலை நடக்கிறது. மருமகள் ஏணி மேல் நிற்கிறாள். மாமியார் கீழே நிற்கிறார்.

"அத்தே, இந்த மூட்டை என்னமோ கனமா இருக்கு!"

"மெதுவா இறக்கும்மா. அது பீங்கான்."

பழைய வேட்டியில் சுற்றிய மூட்டை. அவிழ்த்தால் உள்ளே ஆறு தட்டுகள். வெள்ளைத் தட்டு. ஓரத்தில் சுற்றிலும் ரோஜாப் பூ. பூவுக்கு நடுவே பச்சை இலை. மாமனாரின் தகப்பனார் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் கொண்டு வந்தவை.

அதே நேரத்தில் வாசலில் பழைய சாமான்காரர் வண்டியை நிறுத்துகிறார். தட்டுகளைப் பார்க்கிறார்.

"இது இப்ப யாரும்மா வாங்குறா? சரி, ஆறுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கூடை தாரேன்."

மாமியார் பதில் சொல்லவில்லை. ஒரு தட்டை எடுக்கிறார். விரல் நுனிகளில் ஏந்துகிறார். மறு கை விரல் முட்டியால் மெல்லத் தட்டுகிறார்.

"டிங்!"

இரண்டாவது தட்டும் டிங். மூன்று, நான்கு, ஐந்தும் அப்படியே. ஆறாவது தட்டு மட்டும், "டொக்!"

அதில் விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்குத் தெரிந்துவிட்டது. சாமான்காரர் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி. அந்த ஆறாவது தட்டைப் பற்றி அந்த அம்மாள் வாய் திறக்க வேண்டுமா? பேசாமல் இருந்துவிடலாமா?

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பழைய வீடு இடிபடும் ஊரில் எல்லாம் நடப்பது. பதிலைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் தட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

பானையின் தம்பி

அந்த அம்மாளுக்குத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது யார்? எந்தப் பள்ளிக்கூடமும் அல்ல. மண்பானைக் கடைதான்!

பானை வாங்கப் போகும் எந்தப் பெண்ணும் தட்டாமல் வாங்க மாட்டாள். கணீர் என்றால் நல்ல பானை. மொத்தை ஒலி வந்தால், "வேற எடுப்பா!" என்பாள். திருநகருக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி இருக்கிறது. கொலு பொம்மைக்குப் பேர் போன ஊர். மண்ணையும் சூளையையும் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூப்போட்ட பழைய சாப்பாட்டுத் தட்டு என்பது என்ன? அதுவும் சுட்ட மண்தான். பானையின் தம்பி என்று சொல்லலாம். வெள்ளைக் களிமண்ணைத் தட்டாக வார்த்து, சூளையில் சுட்டு, பூ அச்சிட்டு, மேலே கண்ணாடி போன்ற பூச்சைக் கொடுத்து, மறுபடியும் சுடுகிறார்கள். அந்தப் பூச்சுதான் பளபளக்கிறது. பூச்சுக்குக் கீழே இருப்பது தண்ணீரை உறிஞ்சும் மண்.

நாம் எல்லாவற்றையும் "பீங்கான்" என்றே சொல்கிறோம். அது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். ஆனால் பீங்கானில் இரண்டு சாதி உண்டு. சீனப் பீங்கான் அதிக வெப்பத்தில் சுடப்பட்டது. விளக்குக்கு முன்னால் பிடித்து, பின்னால் விரலை ஆட்டினால், விரலின் நிழல் தெரியும். மண் பீங்கானில் தெரியாது. வெளிச்சம் உள்ளே நுழையாது.

பரணில் கிடைக்கும் பூத்தட்டுகளில் மண் பீங்கான் ஏராளம். அது மட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற குயவர் 1765-ம் ஆண்டில் சார்லட் அரசிக்கு இளமஞ்சள் நிற மண் பீங்கானில் தேநீர் சாமான்கள் செய்து கொடுத்தார். அதற்கு "அரசிப் பீங்கான்" என்றே பெயர் வந்துவிட்டது. அரசியின் மேஜைக்குப் போனதும் சுட்ட மண்தான்!

நம் பூ, சீமைத் தட்டு

தட்டில் இருக்கும் பூ எங்கிருந்து வந்தது? இது ஒரு சுவையான கதை.

17-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து பூப்போட்ட பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. அதுதான் சீட்டித் துணி. வெளுத்தாலும் போகாத சாயம். கொடி கொடியாகப் பூ. இங்கிலாந்துப் பெண்கள் அதற்கு மயங்கினார்கள். அந்த நாட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். கடைசியில் பார்லிமெண்டு தலையிட்டது. 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

துணியைத் தடுக்கலாம். பூவின் மேல் வந்த ஆசையைத் தடுக்க முடியுமா? பூ, துணியிலிருந்து பீங்கானுக்குத் தாவியது. தட்டு முழுவதும் நெருக்கமாகப் பூ நிறைந்த இங்கிலாந்துப் பீங்கானுக்கு இன்றைக்கும் "சிண்ட்ஸ்" என்றுதான் பெயர். சீட்டித் துணிக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான்!

ஒவ்வொரு தட்டிலும் கையால் பூ வரைந்தால் விலை கட்டுபடியாகுமா? அதற்கு ஒரு வழி கண்டார்கள். செப்புத் தகட்டில் பூவைச் செதுக்குவது. அதில் சாயத்தைத் தேய்ப்பது. மெல்லிய தாளில் அச்செடுப்பது. தாளைத் தட்டின் மேல் ஒட்டி அழுத்துவது. பிறகு தண்ணீரில் தாளைக் கழுவி எடுத்தால், பூ தட்டிலேயே தங்கிவிடும். 18-ம் நூற்றாண்டில் வந்த இந்த முறையால், சாதாரணக் குடும்பத்தின் மேஜைக்கும் பூத்தட்டு வந்தது.

பிறகு அந்தத் தட்டுகள் கப்பலேறி உலகம் சுற்றின. நமது ஊர்ப் பக்கமும் வந்தன. பர்மா, மலேயா, இலங்கை என்று தொழில் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார், ரங்கூன் தேக்கைக் கொண்டு வந்தார்கள். பூப்போட்ட சுவர் ஓடுகளைக் கொண்டு வந்தார்கள். ஜாடி, எனாமல் பாத்திரம், பீங்கான் தட்டு எல்லாம் கொண்டு வந்தார்கள். 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா வியாபாரம் நொடித்தது. பின்னாளில் பெரிய வீடுகள் பல கை மாறின. சில இடிக்கப்பட்டன.

அந்த வீட்டுச் சாமான்களைப் பார்க்க வேண்டுமானால் காரைக்குடிக்குப் போக வேண்டும். மதுரையிலிருந்து சுமார் 90 கிலோ மீட்டர். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெளிநாட்டார் கூட வந்து பேரம் பேசுகிறார்கள். கூடைக்குக் கொடுத்த தட்டு, அப்படிப்பட்ட கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் "பழம்பொருள்" ஆகிவிடுகிறது!

ஆகவே விற்பவருக்கும் தட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும். வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். அது பெரிய வித்தை அல்ல. காது, கண், விரல் இருந்தால் போதும்.

காது

தட்டை மேஜையில் வைத்துத் தட்டக் கூடாது. ஒலி அடங்கிவிடும். விரல் நுனிகளில் ஏந்தித் தட்ட வேண்டும். ஒரே செட்டைச் சேர்ந்த தட்டுகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேச வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் சந்தேகப்படலாம். விரிசலாக இருக்கலாம். உள்ளே ஒட்டுப் போட்டதாகவும் இருக்கலாம்.

மண் பீங்கானின் ஒலி, சீனப் பீங்கானைப் போல வெகு நேரம் நிற்காது. அதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஆட்டுக்குட்டியிடம் யானைக் குரலை எதிர்பார்க்கலாமா?

கண்

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் போதாது. சாய்த்துப் பார்க்க வேண்டும்.

விளிம்பு உடைந்திருந்தால் அது மூளி. நம் பாட்டிமார் சொன்ன சொல்தான். கடுகளவு மூளி வேறு, புளியங்கொட்டை அளவு மூளி வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

நீளமாக ஓடும் மெல்லிய கோடு மயிரிழை விரிசல். அது விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி ஓடும். தட்டைத் திருப்பினால் மறுபக்கமும் கோடு தெரிகிறதா? தெரிந்தால், விரிசல் உள்ளே ஊடுருவிவிட்டது என்று பொருள். இன்று இல்லாவிட்டால் நாளைக்கு இரண்டாகும்.

தட்டு முழுவதும் மீன் வலை போல நுண்ணிய கோடுகள் இருந்தால் அது வேறு. மண்ணும் மேல் பூச்சும் ஒரே அளவில் சுருங்காததால் வருவது. ஈரத்தை உறிஞ்சி மண் மெல்ல உப்பினாலும், மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு வலைவலையாக வெடிக்கும். பழைய மண் பீங்கானில் இது சகஜம். வெள்ளையாக, சுத்தமாக இருந்தால் பெரிய குறை அல்ல. ஆனால் வலைக்குள் எண்ணெயும் குழம்பும் இறங்கிப் பழுப்பாகிவிட்டால், அந்தக் கறை லேசில் போகாது. வெளுக்கும் பவுடரைப் போட்டு ஊற வைப்பவர்கள் உண்டு. கூடாது. அது மண்ணுக்குள் இறங்கித் தட்டையே அரித்துவிடும்.

விரல்

கண்ணை மூடிக் கொண்டு பூவின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று ஒரே சமமாக இருந்தால், பூ கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. எத்தனை கழுவினாலும் அழியாது. பூ மேடாக விரலில் தட்டுப்பட்டால், அது பூச்சுக்கு மேலே இருக்கிறது. அதைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருந்தால், இதழ் தேய்ந்து போயிருக்கும். ஓரத்துத் தங்கக் கோடும் அப்படித்தான்.

விளிம்பைச் சுற்றியும் விரலை ஓட்ட வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கண்ணாடியின் குளுமை இல்லாமல் மெழுகு போல இருந்தால், அங்கே யாரோ மூளியை அடைத்து வர்ணம் பூசியிருக்கிறார்கள்.

முதுகு

பெண்ணுக்கு முகம், தட்டுக்கு முதுகு! கவிழ்த்துப் பார்க்காமல் தட்டு வாங்கக் கூடாது.

முதுகில் முத்திரை இருக்கும். கம்பெனியின் பெயர் இருக்கும். சில சமயம் நாட்டின் பெயரும் இருக்கும். இந்த நாட்டின் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. 1891 முதல் அமெரிக்காவில் இறக்குமதியாகும் சாமானில் எந்த நாட்டில் செய்தது என்று போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆகவே "இங்கிலாந்து" என்று அச்சிட்ட தட்டு, பெரும்பாலும் அதற்குப் பிறகு செய்ததாக இருக்கும். "மேட் இன் இங்கிலாந்து" என்று முழுதாக இருந்தால், பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்று இங்கிலீஷில் இருந்தால், அது 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், அப்போது அந்நியப் படையின் பிடியில் இருந்தது.

"இருநூறு வருஷத்துத் தட்டு!" என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். கவிழ்த்தால் "மேட் இன் இங்கிலாந்து" என்று சிரிக்கிறது. யாரை நம்புவது? முதுகைத்தான் நம்ப வேண்டும்.

குறை போலத் தெரியும், குறை அல்ல

சில அடையாளங்களைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

முதுகில் மூன்று சிறு புள்ளிகள், மூன்று மூலையில் இருக்கலாம். சூளையில் தட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க, முட்டுக் கொடுத்து வைத்த இடம் அது. பிறவித் தழும்பு. உடைசல் அல்ல.

பூ அச்சுத் தாள் இரண்டு முனையும் சேரும் இடத்தில், பாதிப் பூ வெட்டுப்பட்டு நிற்கலாம். ஒட்டிய கையின் அவசரம் அது. அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்களும் சிறுமிகளும் மிகுதி. நாள் முழுவதும் தட்டுத் தட்டாகத் தாள் ஒட்டியவர்கள். எங்கோ ஒரு பெண்ணின் விரல் ஒரு கணம் தவறியதற்கு, நூறு வருஷம் கழித்து விலை குறைப்பானேன்?

அடி வளையத்தில் தேய்மானம் இருப்பது நல்லது. பல வருஷம் அலமாரியில் நகர்ந்த தட்டுக்கு அடி தேய்ந்துதான் இருக்கும். அடி புத்தம் புதிதாக இருந்து, முகம் மட்டும் பழசாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மறைத்த ஒட்டு, மறைக்காத ஒட்டு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம்.

உடைந்த பீங்கானை ஒட்டுவது குற்றமா? இல்லவே இல்லை. நல்ல பசை இல்லாத காலத்தில் இங்கிலாந்திலும் சீனாவிலும் பீங்கானைத் துளையிட்டு, உலோகக் கம்பியால் தையல் போட்டார்கள். முதுகில் தையல் பளிச்சென்று தெரியும். ஜப்பானில் அரக்கு போன்ற ஒரு மரப் பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின் மேல் தங்கப் பொடியைத் தூவினார்கள். விரிசல் இருந்த இடம் பொன் கோடாக மின்னும். "இங்கே உடைந்தேன், இங்கே ஒட்டினார்கள்" என்று கோப்பையே சொல்லும்.

குற்றம் வேறு. மூளியை அடைத்து, மேலே வர்ணம் பூசி, பூவையும் வரைந்து, "புதுசு மாதிரி இருக்கு பாருங்க!" என்று முழுத் தட்டின் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு பல கடைகளில் இருக்கிறது. இருட்டில் அந்த விளக்கைத் தட்டின் மேல் பிடித்தால், ஒட்டுப் போட்ட இடம் பெரும்பாலும் தனி நிறத்தில் ஒளிவிடும். கள்ள நோட்டைக் காட்டிக் கொடுக்கும் விளக்கு, கள்ள ஒட்டையும் காட்டிக் கொடுக்கிறது!

"குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று சிலர் கேட்கலாம்.

வாங்குவார்கள். குறைந்த விலைக்கு வாங்குவார்கள். ஆறு தட்டில் ஒன்றை உடைத்துவிட்டவருக்கு, ஒரு தட்டு கிடைத்தால் போதும். சிறு மூளி இருந்தாலும் சரி என்பார். சுவரில் மாட்டுபவருக்கு முதுகு விரிசல் ஒரு பொருட்டல்ல. அவரவர் தேவைக்கு அவரவர் விலை. குறை தெரிந்து வாங்கியவர் மறுபடியும் அதே கடைக்கு வருவார். குறை தெரியாமல் வாங்கியவர் வருவாரா? வருவார், சண்டை போட!

ஆகவே வாங்குபவர்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டு வர வேண்டும். ரசீதில் பொருளின் பெயரோடு குறையையும் எழுதச் சொல்ல வேண்டும். "பூத்தட்டு 6. ஒன்றில் மயிரிழை விரிசல். இரண்டில் தங்கக் கோடு தேய்வு." இரண்டு வரிதான். எழுத மறுக்கிற கடையில் தட்டைத் திருப்பி வைத்துவிட்டு வரலாம்.

சோறு போடலாமா?

இன்னொரு குறை உண்டு. அது தட்டின் விலையைப் பற்றியது அல்ல. வீட்டுப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியது.

பழைய காலக் கண்ணாடிப் பூச்சிலும், மேலே பூசிய சாயத்திலும் காரீயம் கலந்திருப்பது உண்டு. ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு. காரீயம் நஞ்சு. பூச்சு தேய்ந்து, வலைவலையாக வெடித்த தட்டில் புளிப்பான உணவு பட்டால், காரீயம் கொஞ்சம் கொஞ்சமாக உணவில் இறங்கக் கூடும். நம் சமையலில் புளிப்பு இல்லாதது எது? புளிக்குழம்பு, ரசம், தயிர், எலுமிச்சை ஊறுகாய், எல்லாம் புளிப்பு!

காரீயத்துக்கு இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது. தட்டைப் பார்த்து இதில் காரீயம் உண்டா, இல்லையா என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் சொல்ல முடியும்.

ஆகவே பழைய பூத்தட்டைப் பார்த்து மகிழுங்கள். அதில் பிள்ளைக்குச் சோறு போடாதீர்கள். ஊறுகாய் வைக்காதீர்கள். தங்கக் கோடு போட்டதை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்காதீர்கள். தீப்பொறி பறக்கும். சாப்பிடுவதற்கு வாழை இலை இருக்கிறது. எவர்சில்வர் தட்டு இருக்கிறது.

"பிறகு எதற்கு அந்தத் தட்டு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கல்யாணப் போட்டோவில் சோறு போட்டா சாப்பிடுகிறோம்? சுவரில் மாட்டித்தானே வைத்திருக்கிறோம்! தாத்தா கடல் கடந்து உழைத்ததற்கு வீட்டில் மிஞ்சிய சாட்சி, அந்த ஆறு தட்டு.

பத்திரமாக வைப்பதும் எளிது. இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு துணி. அதிக உயரத்துக்கு அடுக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீரில் போடக் கூடாது. சுவரில் மாட்டினால், விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் கம்பி வேண்டாம். வழி இருந்தால் மரத் தாங்கியில் சாய்த்து வைப்பது இன்னும் மேல்.

உடைந்தது வீட்டுக்கு ஆகாதா?

உடைந்த பாத்திரம் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்பவர்கள் பலர். கை கிழிக்கும், குழந்தை எடுத்து வாயில் வைக்கும் என்ற பயத்தில் பிறந்த நல்ல வழக்கமாக இருக்கலாம். ஆனால் உடைந்தது எல்லாம் குப்பை என்றால், மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் எதைத் தோண்டிக் கொண்டிருக்கிறார்கள்?

கீழடி மதுரையிலிருந்து சுமார் 12 கிலோ மீட்டர். அங்கே கிடைத்தவை பெரும்பாலும் உடைந்த ஓடுகள். அவற்றில் சிலவற்றில் "ஆதன்", "குவிரன்" என்று பெயர் கீறியிருக்கிறது. அந்த வாழ்விடம் கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. 2023-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். ஊர் ஊராக வந்து பார்க்கிறார்கள். உடைந்த ஓட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள்!

அந்த ஓட்டின் விளிம்பை யாராவது அடைத்து, வர்ணம் பூசி, முழுப் பானை என்று வைத்தால் என்ன ஆகும்? அதன் பெருமையே போய்விடும். உடைந்தது உடைந்ததாகவே இருப்பதால்தான் அதை நம்புகிறோம்.

கீழடி ஓட்டுக்குப் பொருந்தும் நியாயம், திருநகர் தட்டுக்கும் பொருந்தும்.

ஆறாவது தட்டு

இனி அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

சாமான்காரர் அவசரப்படுகிறார். "கூடையோட ஒரு குடமும் சேர்த்துத் தாரேன், என்னம்மா சொல்றீங்க?"

மாமியார் ஆறாவது தட்டைத் தனியாக எடுத்து வைக்கிறார்.

"இந்தாப்பா, இதுல விரிசல் இருக்கு. உனக்குத் தெரியாதுன்னு நான் மறைக்கப்படாது. மத்த அஞ்சும் நல்ல தட்டு. அது கூடைக்குக் கொடுக்குற பொருள் இல்லைன்னு நீயும் என்கிட்ட மறைக்கப்படாது!"

சாமான்காரர் சிரித்துவிடுகிறார். "சரிதாம்மா. காரைக்குடிக்குக் கொண்டு போனா நல்ல விலை போகும். எடுத்து வைங்க, அப்புறம் வாரேன்."

இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. இரண்டு பேருக்கும் தலைகுனிவு இல்லை.

மருமகள் ஒரு சிறு காகிதத்தில் எழுதுகிறாள். "கொழும்பிலிருந்து தாத்தா கொண்டு வந்தது. ஆறு தட்டு. ஒன்றில் விரிசல். சாப்பிட அல்ல." எழுதிய காகிதத்தைத் தட்டுகளுக்கு நடுவே துணியோடு வைக்கிறாள். நாளைக்கு அவள் மகள் மூட்டையை அவிழ்க்கும்போது, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மூட்டை இருக்கலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஏணியைப் போடுங்கள். இறக்குங்கள். பழைய சாமான்காரர் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு தட்டையும் தட்டிப் பாருங்கள்!